பிக்கப் எடுக்காத கார்

இது நடந்தது. எங்கோ கேள்விப்பட்டதற்குக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லும் ஆள் இல்லை சீனு. ஸ்ரீராம்புரத்தில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. பக்கத்து வீட்டில் பேய் பிடித்துவிட்டது, லைட் தானாக எரிகிறது, அணைகிறது என்று யாராவது ஓடி வந்தால், “எர்த்திங் பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டு டெஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்புவான். அப்படிப்பட்டவன் சொன்ன கதை இது. நம்பாதவர்கள் கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் சிரித்துக்கொள்ளலாம்.

2006-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாசம். ஒக்கலிபுரத்தில் ரயில் பாலத்தைத் தாண்டியதும் ஒரு சந்து. அதில்தான் சீனுவின் ஷெட். கார்களில் கரண்ட் வேலை மட்டும் பார்ப்பான். ஆக்சிலேட்டருக்குக் கேபிளே இல்லாத கார்கள் ஒவ்வொன்றாக ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த காலம். பழைய மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து கேபிளைத் தேடுவார்கள். இல்லையென்றதும் தலையைச் சொறிவார்கள். பிறகு “சீனுகிட்ட கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டு வந்தவர்தான் சுந்தரமூர்த்தி.

மதிய நேரம். காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறக் கார் ஒன்று மெதுவாக வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, துடைத்த செருப்பு. ஆனால் சவரம் செய்த முகத்தில் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் நரை முடி அப்படியே நின்றது. பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

அல்சூரில் வீடு. ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் தர்ஷினி ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அப்பா அம்மா சௌகரியமாகப் போய் வரட்டும் என்று வாங்கிக் கொடுத்த கார் அது. ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மனைவி உஷா நெஞ்சு அடைக்கிறது என்றிருக்கிறாள். அவரே தூக்கி வந்து முன் சீட்டில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ரோடு காலி. ஆனால் டிரினிட்டி சர்க்கிள் தாண்டியதும் கார் பிக்கப் எடுக்கவில்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும் நடக்கிற வேகத்தில்தான் ஊர்ந்தது. பின்னால் வந்த பால் வண்டிகூட ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த டாக்டர், உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று ஒர்க்‌ஷாப்பில் காட்டியாயிற்று. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பதற்றத்தில் நீங்கள்தான் சரியாக மிதிக்கவில்லையோ என்னவோ என்றான் ஒருவன். அந்தப் பேச்சு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

“கேஸ் போடணும், காசு வாங்கணும்னு எல்லாம் இல்லப்பா” என்றார் சீனுவிடம். “அன்னைக்கு அவளைக் கொன்னது வண்டியா, நானா? அது தெரிஞ்சா போதும்.”

சீனு சேரைத் துடைத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான். டீ சொன்னான்.

அந்த மாதிரிக் கார்களின் விஷயம் இதுதான். காலால் மிதிக்கும் ஆக்சிலேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கம்பியோ கயிறோ கிடையாது. பெடலுக்கு மேலே ஒரு சின்ன டப்பா. அதற்குள் இரண்டு சென்சார்கள். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை இரண்டும் தனித்தனியாகக் கரண்டாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒன்று இரண்டு வோல்ட் சொன்னால், மற்றது அதில் பாதி, ஒரு வோல்ட் சொல்ல வேண்டும். கணக்கு ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் அதை நம்பி, ஒரு சின்ன மோட்டாரை வைத்து இன்ஜினுக்குக் காற்று போகும் கதவைத் திறந்துவிடும். ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் நம்பாது. காரை ஊர்ந்து போக மட்டும் விடும். ஒன்று பொய் சொன்னால் கண்டுபிடிக்கத்தான் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தாற்போல் ஒரே பொய்யைச் சொல்லவே சொல்லாது என்பது சீனுவின் அனுபவம்.

சென்சாரில் ஏதாவது ஒன்றுதான் அவ்வப்போது காலை வாருகிறது என்று அவன் நினைத்தான். ஸ்கேனரை மாட்டினான். பெடலை அழுத்தி, விட்டு, மெதுவாக அழுத்தி, ஒயரை ஆட்டி, பிளக்கைத் தட்டிப் பார்த்தான். திரையில் இரண்டு எண்களும் ஜோடி போட்டுக்கொண்டு ஏறின, இறங்கின. கம்ப்யூட்டர் ஞாபகத்தில் பழைய பிழை ஒன்றுகூட இல்லை. தனியாக ராஜாஜிநகர் வரைக்கும் ஓட்டிப் போனான். வண்டி அம்பு மாதிரி பறந்தது.

திரும்பி வந்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இறங்கினான். அவன் முகத்தைப் பார்த்ததுமே சுந்தரமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. நான்காவது ஆளும் அதையேதான் சொல்லப் போகிறான்.

“நான் ஓட்டறேன்” என்றார் அவர். “நீ கூட வா.”

சீனு ஸ்கேனரைக் கையில் பிடித்தபடி முன் கதவைத் திறந்தான். அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். அவள் உட்கார்ந்த சீட், அதற்குப் பிறகு அங்கே யாரையும் உட்கார விட்டதில்லை என்றார். சரி, பெரியவர் மனசு என்று நினைத்து, சீனு ஒயரை இழுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினான்.

வெஸ்ட் ஆஃப் கார்ட் ரோடு. மழையில் ரோடு பளபளத்தது. வண்டிகள் குறைவாக இருந்தன. சுந்தரமூர்த்தி பதவிசாக, கியர் நோகாமல் ஓட்டினார். ஸ்கேனரில் எல்லாம் சரியாக இருந்தது.

“இப்ப கொஞ்சம் மிதிங்க சார்.”

மிதித்தார். இன்ஜின் உறுமியது. கார் முன்னால் பாய்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சர்ர்க்...

முன் சீட்டுப் பக்கம் ரப்பர் உரசியது போல. தண்ணீர் பாட்டில் ஏதாவது உருண்டிருக்கும் என்று சீனு கண்டுகொள்ளவில்லை. ஆனால் அடுத்த நொடியே இன்ஜின் சத்தம் அடங்கிப்போயிற்று. கார் தளர்ந்தது. ஊர்ந்தது.

“பாத்தியா... பாத்தியா” என்றார் சுந்தரமூர்த்தி. அவர் குரலில் பயம் இல்லை. அப்பாடா என்கிற நிம்மதிதான் இருந்தது. கடைசியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டான் அவருக்கு.

சீனு திரையைப் பார்த்தான். பெடலின் இரண்டு சென்சாரும் முழுசாக மிதித்திருப்பதாகத்தான் சொல்லின. கணக்கு இம்மி பிசகவில்லை. ஆனால் காற்றுக் கதவு மூடியிருந்தது. ஏன் என்று கீழ் வரியைப் பார்த்தான்.

பிரேக்: ஆன்.

அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா? ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் அந்தக் காரின் கம்ப்யூட்டர் பிரேக்கின் பேச்சைத்தான் கேட்கும், இன்ஜினை அடக்கிவிடும். பாதுகாப்புக்காக அப்படி. பிரேக் மிதிப்பது ஒரு தப்பில்லை என்பதால் அதைப் பிழையென்று ஞாபகத்திலும் வைத்துக்கொள்ளாது. மூன்று ஒர்க்‌ஷாப்பும் கோட்டை விட்டது அங்கேதான். பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச் பழுது. யாரும் மிதிக்காமலே, மிதித்ததாகச் சேதி அனுப்புகிறது.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். மழையில் பாதி உடம்பு நனைய, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஸ்விட்ச்சின் பிளக்கைப் பிடுங்கித் தொங்கவிட்டான். ஸ்கேனரில் பிரேக் வரி வெறும் கோடாகிவிட்டது. இனி அங்கிருந்து ஒரு சேதியும் போக முடியாது. பின்னால் பிரேக் லைட்டும் எரியாது.

“இப்ப ஓட்டுங்க சார். ரெண்டு நிமிஷத்துல உங்க சந்தேகம் தீந்துரும்.”

கிளம்பினார்கள். இரண்டாவது கியர். மூன்றாவது. சுந்தரமூர்த்தி மிதித்தார்.

கார் பாய்ந்தது.

சர்ர்க்...

இன்ஜின் அடங்கியது.

திரையில் அந்தக் கோடு இல்லை.

பிரேக்: ஆன்.

பிளக் தொங்குகிறது. அவன் கையால் பிடுங்கியது. ஸ்கேனர்தான் மக்கர் செய்கிறது என்று நினைத்து அதைத் தட்டினான். அப்போது பின்னால் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தான்.

ஒட்டினாற்போல் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதன் நனைந்த முகப்பில்... சிவப்பு வெளிச்சம்.

இந்தக் காரின் பிரேக் லைட்.

சீனு முன்னால் எட்டிப் பார்த்தான். சுந்தரமூர்த்தியின் வலது கால் ஆக்சிலேட்டரில். இடது கால் கிளட்சுக்குப் பக்கத்தில், தரையில். நடுவில் பிரேக் பெடல் தொடாமல் நின்றது.

பிறகு இடது பக்கம் பார்த்தான்.

காலி சீட்.

அதன் கீழே ரப்பர் மேட்.

மேட்டின் முன்பக்கம்... அமுங்கியிருந்தது.

குதிகால் அளவு ஒரு பள்ளம். விரல்கள் அளவு ஒன்று.

அழுத்திக்கொண்டே இருந்தது.

“சார்...” என்றான். “சார்... ஸ்பீட் குறைங்க.”

அவர் காலை எடுத்தார்.

ரப்பர் மெதுவாக, மெதுவாக மேலே எழும்பியது.

திரையில் வெறும் கோடு.

காரை நிறுத்தியதும் சீனு இறங்கி மழையில் நின்றான். சுந்தரமூர்த்தியும் இறங்கி வந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சென்சார் போய்விட்டது, புதுசு மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார். இரண்டு மாசமாக அந்த ஒரு வார்த்தைக்காக அலைந்த மனுஷன். ஆனால் அந்த நேரத்தில் சீனுவுக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“உங்க கால் மேல தப்பில்ல சார். வண்டி மேலயும் தப்பில்ல. யாரோ பிரேக் மிதிக்கிறாங்க.”

“யாரு?”

சீனு இடது பக்கத்து ஜன்னலைப் பார்த்தான். அவரும் பார்த்தார். மழைத் தண்ணீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் காலி சீட் இருந்தது. மேட்டில் நடந்ததைச் சீனு தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. பயத்தில் இல்லை. அவருக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் போகும்போது கொஞ்சம் முறுக்கினால் போதும், உஷா பின்னாலிருந்து அவர் தோளை அழுத்துவாளாம். கார் வந்த பிறகு தோள் எட்டவில்லை. காலை வைத்து அழுத்துவாள். தன் பக்கம் பிரேக்கே இல்லாத இடத்தில், மேட்டைப் போட்டு மிதிப்பாள். அப்பாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உனக்குத் தனியாக ஒரு பிரேக் வைத்துத் தரச் சொல்கிறேன் என்று அவர் கேலி செய்வார். அந்த ஞாயிற்றுக்கிழமைகூட வழியெல்லாம் அதே பேச்சுத்தான். நெஞ்சு வலியோடு உட்கார்ந்துகொண்டு, மெதுவா போங்க, மெதுவா போங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

“அப்ப அன்னைக்கும் அவதானா?” என்றார். “கொண்டு போய்ச் சேத்திருப்பேனேப்பா... அவளே எதுக்கு நிறுத்தினா?”

நடு ரோட்டோரம், மழையில், அந்தப் பெரிய மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். வண்டியா நானா என்று கேட்டு வந்தவருக்கு, அந்த இரண்டையும்விடப் பெரிய துக்கத்தைக் கொடுத்துவிட்டோமே என்று சீனு தன்னைத்தானே நொந்துகொண்டான்.

காரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு அவர் ஆட்டோவில் போனார். அதற்குப் பிறகு சீனு அந்தக் காரின் பக்கமே போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, அவன் மனைவி வனஜா எப்போதோ மாட்டிவைத்த முருகன் படத்துக்கு முதல் தடவையாக அவனே ஊதுபத்தி கொளுத்தினான். வனஜா காய்ச்சல் ஏதாவது அடிக்கிறதா என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம்.

சனிக்கிழமை தர்ஷினி வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்தால் சண்டை போடத்தான் வந்திருந்தாள். அப்பாவிடம் என்ன சொல்லித் தொலைத்தீர்கள், மனுஷர் சாப்பிட மாட்டேன் என்கிறார், தான் பிழைக்க வேண்டாம் என்று அம்மாவே முடிவு பண்ணிவிட்டாள் என்று புலம்புகிறார் என்றாள். சீனு ஒன்றையும் மறைக்கவில்லை. சென்சார், பிளக், பஸ், மேட், எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் திட்டவில்லை. அருகில் கிடந்த பழைய டயரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“வழியெல்லாம் அம்மா பேசிட்டே வந்தாங்கன்னு உங்ககிட்டயும் சொன்னாரா?”

சீனு தலையாட்டினான்.

பாலத்தில் போன ரயிலின் சத்தம் அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாராம். ஏம்மா, இவ்வளவு நேரம் கழித்தா கொண்டுவருவது என்று கேட்டாராம். இப்போதுதான் வலி வந்தது, அப்பா உடனே கிளம்பிவிட்டார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். டாக்டர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். தாடை இறுகிவிட்டது, கை கால் விறைத்துவிட்டது, உயிர் போய் நாலு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்.

அந்த ராத்திரி மூச்சு முட்டுகிறது என்று உஷா படுக்கவில்லை. கூடத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். நடு ராத்திரியிலேயே, தூக்கத்திலேயே போய்விட்டாள்.

விடிகாலையில் அவர் தூக்கிக்கொண்டு வந்து காரில் உட்கார வைத்தது... உயிர் போன உடம்பை.

வலிக்கிறது என்று எழுப்பியது யார்? வழியெல்லாம் பேசியது யார்?

அதிர்ச்சியில் அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாளாம். அம்மா கடைசியாகப் பேசினாள் என்கிற ஆறுதலாவது மிஞ்சட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். போய்ச் சேர வேண்டிய அவசரம் அந்த அம்மாவுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பதறிப் பறந்துகொண்டிருந்தவர் ஒருத்தர்தான். அவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டாமா? அப்படித்தான் சீனுவுக்குத் தோன்றியது.

“சொல்லிருங்க மேடம்” என்றான். “லேட் பண்ணிட்டோம், லேட் பண்ணிட்டோம்னே அவர் உருகறாரு.”

தனியாகச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. அவனையும் அல்சூருக்குக் கூட்டிப் போனாள். கூடத்தில் சுந்தரமூர்த்தி உட்கார்ந்திருந்தார். தர்ஷினி அவர் காலடியில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சீனு வாசல் நிலையோடு ஒட்டி நின்றான். பெரியவர் அலறுவார், மயங்கி விழுவார் என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“அப்ப நான் லேட் ஆகலியா?”

“இல்லப்பா.”

“வண்டி பறந்திருந்தாலும்...?”

“பறந்திருந்தாலும்தாம்ப்பா.”

அவர் மெதுவாகத் தலையாட்டினார். இரண்டு மாசத்தில் முதல் தடவையாக அவர் தோள் தளர்ந்து இறங்கியதை சீனு பார்த்தான். தர்ஷினி அழுதுகொண்டிருந்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, மறந்துபோன ஏதோ ஒன்று நினைவுக்கு வந்தவர் போல, சாதாரணமான குரலில் சொன்னார்.

“தூக்கறப்பவே கை சில்லுன்னுதாம்மா இருந்துச்சு. அதான் ஏசி போடல. குளிருதா உஷான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லீங்க, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்கன்னா.”